வெறும் எச்சில்

பேருந்து நிலையத்தில் அவருக்கு விசில் என்றுதான் பெயர். நகராட்சி கொடுத்த சட்டையில் வேறொரு பெயர் தைத்திருந்தது. அதைப் படித்தவர் யாரும் இல்லை. அவருடைய வேலை ஒன்றே ஒன்று. யாராவது துப்பினால் விசில் ஊத வேண்டும், துப்பியவரைப் பிடித்து அவர் கையாலேயே துடைக்க வைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று சிரித்தவர்கள், நடுக்கூட்டத்தில் குனிந்து தரையைத் துடைத்த பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் வேலையில் கெட்டி. தூணுக்குப் பின்னால் ஒருவன் கன்னத்தை உப்பினாலே அவருக்குத் தெரிந்துவிடும். பாய்ந்து போய் முன்னால் நின்று, "முழுங்கு!" என்பார். பாதிப் பேர் பயத்திலேயே முழுங்கிவிடுவார்கள். "துப்புனா ஊருக்கே நோய், முழுங்குனா ஒண்ணுமில்ல" என்பது அவரே கட்டிய வசனம். அது மேலதிகாரிக்குப் பிடித்துப்போக, அவரை விசிலோடு நிற்க வைத்துப் படம் எடுத்து, அந்த வசனத்தோடு கண்ட சுவரிலெல்லாம் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து விசிலுக்குத் தலைகால் புரியவில்லை.

ஊருக்குச் சொல்வதை வீட்டில் செய்யாதவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. பல் தேய்ப்பதைக்கூடக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தான் செய்வார். கொப்பளிக்கும் சத்தம் பெண்டாட்டி காதில்கூட விழக்கூடாது. அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த ஒரே மகளுக்கும் அதே பாடம்தான். மருந்து எவ்வளவு கசந்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முழுங்கிவிடும் அந்தப் பிள்ளை. "யாரு பொண்ணு!" என்று தூக்கிச் சுற்றுவார். அவர் கைமேல் தலை வைத்தால்தான் அதற்குத் தூக்கம் வரும். ஒரே அறை கொண்ட வீடு. இருந்த ஒரு ஜன்னலையும் கொசுவுக்குப் பயந்து அடைத்து வைத்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இருமி இருமி, முடியாமல், படிக்கட்டு ஓரமாகத் துப்பிவிட்டார். விசில் பறந்து வந்தார்.

"ஐயா, உடம்பு சரியில்லய்யா. அடக்க முடியல."

"உடம்பு சரியில்லாதவன் துப்புறதுதான்யா ஆபத்து. தொடை."

"துணி இல்லையே."

"தலையில கட்டியிருக்கறது என்ன?"

மூட்டைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்தார். பேருந்துக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளதைச் சொன்னால், விசில் சொன்னதில் தப்பே இல்லை. நோயாளியின் கோழை நாலு பேர் நடக்கிற இடத்தில் கிடக்கக்கூடாதுதான். ஆனால் ஒரு காகிதத்தைக் கொடுத்து, இதில் துப்பு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவமானப்படுத்தினால் போதும், நோய் தானாக ஓடிவிடும் என்று நினைத்தார் போல.

அவருக்கே இருமல் வந்தபோது, யாருக்குமே தெரியாது. வந்ததை வந்தபடி முழுங்கிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? விசில் ஊதும்போது மூச்சு பாதியில் அறுந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் போனது. தலையணை வேர்வையில் நனைந்ததைப் பார்த்த பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"போய்க் காட்டிட்டு வாங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"விசில் ஊதுற தொண்டை. கொஞ்சம் காஞ்சு போயிருக்கு. இதுக்குப் போயி…"

"உங்களுக்காகச் சொல்லல. பிள்ளையக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குறீங்க. அதுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்."

அதைக் கேட்ட பிறகு அவர் சாக்குச் சொல்லவில்லை. மறுநாளே போனார்.

சுகாதார நிலையத்து நர்ஸ் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை நீட்டினாள். "காலையில வெறும் வயித்தோட வாங்க. நல்லா மூச்சிழுத்து, நெஞ்சுலேருந்து இருமிச் சளியை எடுக்கணும். வாயில ஊறுற எச்சில் வேண்டாம், அதுல ஒண்ணும் தெரியாது. பின்பக்கம் வெட்டவெளி இருக்கு, அங்க போய்த் துப்பிக் குடுங்க."

துப்பிக் கொடுங்கள் என்று ஒருத்தி தன்னைப் பார்த்துச் சொல்லுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

காலையில் டப்பாவோடு பின்பக்கம் போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்ச் சுவரில் அவரே நின்றுகொண்டிருந்தார், வாயில் விசிலோடு. அந்தச் சுவரைப் பார்த்து வரிசையாக நாலைந்து பேர் காறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவருக்குக் குமட்டியது. கடைசியில் நின்றவர் திரும்பினார். அதே மூட்டைக்காரர். ஆள் கொஞ்சம் தேறியிருந்தார். மாத்திரை சாப்பிடுகிறவர், மறுபரிசோதனைக்கு வந்திருக்கிறார். அவர் விசிலையும் பார்த்தார், கையிலிருந்த டப்பாவையும் பார்த்தார்.

"நீங்களுமா? சரி சரி, கூச்சப்படாதீங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், நீங்க துப்புங்க" என்று சொன்னபடியே திரும்பியும் நின்றார்.

பாவம், அந்த மனிதர் நல்லதுக்குத்தான் சொன்னார். விசிலுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நாளைக்கே பேருந்து நிலையம் முழுக்க இது பேச்சாகிவிடும், விசில் வரிசையில் நின்று காறினாராம் என்று ஆளாளுக்குச் சிரிப்பார்கள் என்று நினைத்ததுமே காது சுட்டது. விறுவிறுவென்று கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாயைத் திறந்துவிட்டார். நெஞ்சுக்குள் கனமாக ஒன்று ஏறி வந்தது. பழக்கதோஷம், முழுங்கிவிட்டார். பிறகு நாக்கைச் சுழற்றி வாயில் ஊறியதைச் சத்தமில்லாமல் டப்பாவில் விட்டார். தண்ணீர் மாதிரி சுத்தமாக இருந்தது.

நர்ஸ் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது எச்சில் மாதிரி இருக்கே?"

"அவ்வளவுதான் வந்துச்சு, சிஸ்டர்."

வாசலில் கூட்டம் நெரிந்தது. அவள் மேற்கொண்டு கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. காசநோய்க் கிருமி ஏதும் இல்லை. இருமல் நிற்காவிட்டால் திரும்ப வர வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு வந்து, "பாத்தியா? நான்தான் சொன்னேன்ல, தொண்டை காஞ்சிருக்குன்னு" என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார். அவள் உட்கார்ந்து அழுதே விட்டாள், அவ்வளவு நிம்மதி. முடிவு வரும்வரை பிள்ளையைச் சுவரோரமாகத் தன் பக்கம் போட்டுப் படுத்திருந்தவள், அன்றைக்கு அவளே தூக்கி அவர் கைமேல் படுக்க வைத்தாள்.

வெயில் காலம் வந்தபோது பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தியது. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. கழுத்தில் நெறி கட்டியது. சீருடை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அதே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் பிள்ளையின் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

"இவருக்கு இருந்துச்சு சார்" என்று மனைவி முந்திக்கொண்டாள். "இங்கதான் சளி சோதிச்சாங்க. ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு."

விசில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் பிள்ளை முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கையில் அதே மாதிரி டப்பா. "கண்ணு, நல்லா இருமி, வர்றத இதுல துப்பு பாக்கலாம்."

பிள்ளைக்கு இருமல் வந்தது. நெஞ்சு குலுங்க இருமியது. ஏதோ வாய்வரைக்கும் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு, கடக்கென்று முழுங்கியது.

"ஏம்மா முழுங்கிட்ட?"

"துப்பினா அப்பா விசில் ஊதுவாரு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். விசில் மகள் முன்னால் மண்டியிட்டார். "துப்பும்மா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். துப்பு கண்ணு, இதுல துப்பு." அப்பா தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்த பிள்ளை, அவரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டி மறுத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"விடுங்க. சின்னப் பிள்ளைங்க பாதிப் பேர் இப்படித்தான், முழுங்கிடுவாங்க" என்றாள் நர்ஸ். "மூக்கு வழியா வயித்துக்குள்ள டியூப் விட்டுத்தான் எடுக்கணும். அதுக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலையில் பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொள்ள நாலு கை வேண்டியிருந்தது. அதில் இரண்டு அவருடையவை. டியூப் இறங்கும்போது அது "அப்பா, அப்பா" என்றுதான் கத்தியது. யார் காப்பாற்றுவார் என்று அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து பிள்ளை அம்மாவின் தோளில் விக்கிக்கொண்டிருந்தபோது, விசில் நர்ஸிடம் போனார்.

"எனக்கு ஒரு டப்பா குடுங்க, சிஸ்டர்."

"உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே?" என்றாள் மனைவி, பின்னாலிருந்து.

அவர் திரும்பவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். சுவரில் அவருடைய படம் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, பாதி உரிந்திருந்தது. காற்றாட நின்றிருந்த ஏழெட்டுப் பேருக்கும் அவரைத் தெரியும். யார் பார்க்கிறார்கள் என்று அவர் கவனிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து இருமினார். இத்தனை காலம் உள்ளே தள்ளியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்த மாதிரி வந்தது. காறித் துப்பினார். மறுபடியும் துப்பினார். மஞ்சளாக, கெட்டியாக, நடுவில் நூல்போல ரத்தம்.

டப்பாவை மூடிக்கொண்டு திரும்பியபோது மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அன்னிக்கும் இப்படித்தான் குடுத்தீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். தொண்டைவரை வந்தது வெளியே வரவில்லை, முழுங்கிவிட்டார்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். அழுது ஓய்ந்த பிள்ளை அப்பாவைக் கண்டதும் கையை நீட்டியது. அவள் அந்தக் கையை மெதுவாக மடக்கி, பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.