கம்பியைப் பிடித்தவன்

முகட்டில் எதிரியின் பதுங்குகுழி. அதற்கு நூறடி கீழே, விடிகாலைப் பனிமூட்டத்தில் நாங்கள் ஒன்பது பேர் குப்புறக் கிடந்தோம். வழியை மறித்து ஒரு முள்கம்பி. அதில் காலி டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பி. வெட்டினால் சுண்டிக்கொண்டு போகும், டப்பாக்கள் குலுங்கும், அத்தனை பேரும் சாவோம். நான் சுருளிப்பட்டிக்காரன், பக்கத்தில் கிடந்த இம்மானுவேல் இராயப்பன்பட்டிக்காரன். இரண்டு பேருமே திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்தவர்கள். பந்தலில் ஒருவர் வெட்டினால், இன்னொருவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"நான் சொல்ற வரைக்கும் விட்றாத," என்றேன்.

"சரிண்ணே."

அவன் கம்பியை இறுக்கிப் பிடித்ததும், அது கட்டியிருந்த தூணை ஒட்டி வெட்டினேன். கம்பி முனையை விடாமல், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அவன் மெல்ல நகர்ந்தான். டப்பா எதுவும் அசையவில்லை. மற்ற எல்லோரும் அந்த இடைவெளியில் ஊர்ந்து மேலே போனோம்.

பிறகு ஒரு மணி நேரம் சண்டை. முகட்டைப் பிடித்து மூச்சு வாங்கியபோதுதான் அவன் நினைவு வந்தது. சறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

அதே இடத்தில் முழங்காலிட்டிருந்தான். தோளில் குண்டு பாய்ந்திருந்தது. கம்பி முள் கையுறையைக் கிழித்து உள்ளங்கையில் இறங்கியிருந்தது.

"கிறுக்குப்பயலே, சுட ஆரம்பிச்சதுமே விட்டுட்டுப் படுக்க வேண்டியதுதானலே," என்று கத்தினேன்.

"நீங்க சொல்லலையேண்ணே."

"விடுலே," என்றேன்.

விரல்கள் பிரியவில்லை.