ஒப்பந்தம் முடிகிற நாள்

தரகர் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி நான்கு. வீட்டை விற்றுத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்த ஆறு மாத ஒப்பந்தம் ஐந்து மணிக்கு முடிகிறது. ஆனாலும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்ட விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் பையில் இருந்தது.

கதவைத் திறந்த வீட்டுக்காரரின் மனைவியிடம் அவர் மூச்சுவிடவில்லை. வீடு கணவர் பேரில்; முதலில் அவரிடம் சொல்வதுதான் முறை.

பாவம் அவள். ஒரே மகள் வெளியூரில், இரண்டு சிறுநீரகமும் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். பக்கவாதம் வந்த கணவரைத் தனியே விட்டுப் போகவும் வழியில்லை. "வீடு வித்ததும் ரெண்டு பேருமா போயிடலாம்" என்று அவர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறாள்.

சக்கர நாற்காலியில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? நோயாளிங்களக் குடிவெக்கவா?"

"சிரிக்க வெக்காதீங்க சார். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"இன்னிக்கு அஞ்சோட ஒப்பந்தம் முடியுதே! ஒரு மாசம் நீட்டியாவது குடுங்க."

"முடிஞ்சா முடிஞ்சதுதான். வேற ஆளப் பாத்துக்கறேன்."

தரகர் வெளியே வந்து, கேட்டில் மாட்டியிருந்த தன் பலகையைக் கழற்றினார். அடியில் பழைய திருகாணித் துளைகள், ஜோடி ஜோடியாக.

"உங்களுக்கு முன்னாடி நாலு பேரு தம்பி," என்றாள் பின்னாலேயே வந்த மனைவி. "ஆளுக்கு ஆறு மாசம். ஒருத்தருக்கும் அமையல. என் ராசி அப்படி."

அமையவில்லையா? இந்தத் தெருவில் இந்த விலைக்கு ஒரு வீடு ஒரு மாதம் தங்காது. ஒப்பந்தம் தானாக முடியும்வரை இழுத்தடித்தால், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. தொழில் தெரிந்தவருக்கு அது புரிய எவ்வளவு நேரமாகும்? கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டார்.

நின்றபடியே படித்தாள். உள்ளே போனாள்.

"அந்த நாலு பேரும் இதே மாதிரி கடுதாசியோட வந்தாங்களா?"

அவரைத் திட்டிவிடாதீர்கள் கண்ணுகளா, அவர் மறைக்கவில்லை.

"வந்தாங்க."

"ஏங்க இப்படி?"

"அங்க போனா அவ சாகறத உக்காந்து பாக்கணும். என்னால ஆகாது."

"அப்ப அவ யாரப் பாத்துக்கிட்டுச் சாவா?"

அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தார். ஒரு கைதானே வேலை செய்கிறது, பாதியில் நின்றுவிட்டது.  மீதியை அவளே சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.