பேனலில் விளைந்த உப்பு

பித்தவெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் ஏறினால் வலி உச்சந்தலை வரைக்கும் போய்த் திரும்பும். கலியன் பல்லைக் கடித்துக்கொண்டு உப்பள வரப்பில் நின்றான். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் சோலார் மோட்டார் நேற்று நின்றது, இன்னும் ஓடவில்லை. மெக்கானிக் விஜயகுமார் சோலார் பேனலை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"யாருண்ணே இதைக் கழுவுறது?"

"நான்தான்பா. தூசி, காக்கா எச்சம் ஒண்ணு விடமாட்டேன். தெனம் மாட்டைக் கழுவுற மாதிரி கழுவுறேன்."

"எந்தத் தண்ணில?"

கலியன் உப்புப் பாத்தியைக் கைகாட்டினான்.

விஜயகுமார் தலையில் கைவைத்துக்கொண்டான். "பேனல் மேலயே உப்பு வெளைய வெச்சிருக்கீங்களேண்ணே! தண்ணி உள்ள எறங்கி ஒயரெல்லாம் அரிச்சிப் போச்சு. மோட்டாரை ஓட்டுற கரண்ட் பொட்டியும் புதுசு வாங்கணும். மெட்ராஸ்லேந்து வரணும், நாளாவும்."

"நல்ல தண்ணிக்கு நாங்களே கொடத்தைத் தூக்கினு அலையறோம்," என்றாள் கலியன் மனைவி பாக்கியலட்சுமி. "இதுல கண்ணாடியை வேற குளிப்பாட்டணுமா?"

டீசல் இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத்தான் இந்தச் சோலார் மோட்டாரை வைத்தார்கள். டீசல் செலவு அடியோடு நின்றது. எண்ணெய் படாத தண்ணீரில் உப்பு வெள்ளை வெளேரென்று வந்தது. விலையைக் குறைக்க வியாபாரிக்கு வாய் வரவில்லை. இப்போது பாத்தி சுண்டிக்கொண்டிருந்தது. புதுத்தண்ணீர் பாயாவிட்டால் கசப்பேறி மொத்த உப்பும் வீண்.

பக்கத்து உப்பளத்துச் சிங்காரத்திடம் டீசல் இன்ஜின் இருந்தது. மச்சான் முறை. ஆனால், எண்ணெய் ஒழுகுற இன்ஜினை என் வரப்புப் பக்கம் கொண்டுவராதே என்று பொங்கலுக்கு முன்தான் கலியன் அவனோடு சண்டை போட்டிருந்தான். வேறு வழியில்லை. போனான்.

"என்னா கலியா, சூரியன் லீவு போட்டுட்டானா?"

"நக்கல் பண்ணாத மச்சான். பாத்தி காயுது."

சிங்காரம் உடனே எழுந்தான். இன்ஜினை அவனே கொண்டுவந்து ஓட்டினான். தண்ணீர் பாய்ந்தது. கூடவே எண்ணெயும் வந்து பாத்தி முழுக்கப் பளபளவென்று படர்ந்தது. பாக்கியலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கம்னு இரு," என்றான் கலியன். இந்தத் தடவை வாரும் உப்பு கறுப்படிக்கத்தான் போகிறது. வீணாவதற்கு அது மேல்.

டீசலுக்குக் காசு நீட்டினான். சிங்காரம் வாங்கவில்லை.

"காசை நீயே வெச்சிக்க. டீசல் ஊத்தி ஊத்தி எனக்கும் கையில ஒண்ணும் நிக்கல. உன்னுது ஓடுனதும் என் பாத்திங்களுக்கு ரெண்டு தபா தண்ணி ரொப்பிக் குடு. எண்ணெ இல்லாத தண்ணி."

மெட்ராஸிலிருந்து மோட்டார் பெட்டி இன்னும் வரவில்லை. சிங்காரத்தின் பாத்திகளுக்கு இரண்டு முறை எண்ணெய் இல்லாத தண்ணீர் பாய்ச்ச வேண்டிய கடன் கலியன் தலையில் அப்படியே நிற்கிறது.