கொழுந்து கிள்ளியவர்

கடைசித் தொட்டியையும் முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்து, இலைகளை விலக்கிப் பார்த்தார் சிவசண்முகம். மார்கழி பாதியாகியும் ஒரு மொட்டுகூட இல்லை.

உள்ளே பெண்கள், ராத்திரி கண்மூடிய கோமுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் குங்குமமுமாகப் போகிறவள். மனைவியின் தலையில் அவளே வளர்த்த செவ்வந்தியைத்தான் வைக்க வேண்டும் என்று விடியற்காலையிலிருந்து ஒற்றைக் காலில் நின்றார் அவர். மார்கழி, தை இரண்டு மாசமும் கடைப்பூவைத் தொடாதவள் கோமு. ஊர்ச் செவ்வந்தியெல்லாம் ஓய்ந்த பிறகு பூக்கிற ரகம் அவளுடையது. பனி பட்டால் கருகிவிடும். பொழுது சாயுமுன் தொட்டிகளைத் தாழ்வாரத்தில் ஏற்றிவிடுவாள்.

ஆடியில் அவள் படுக்கையில் விழுந்தபோது, கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள், அப்போதுதான் கிளை வெடிக்கும் என்று அவரிடம் சொன்னாள். அவர் முன்சீப் கோர்ட்டு குமாஸ்தா. சொன்னதைச் சொன்னபடி செய்தார். கோர்ட்டுக்குக் கிளம்புமுன் தினமும் கிள்ளினார். நேற்றுவரை கிள்ளினார்.

அக்கா உலகம்மாள் மஞ்சள் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"புரட்டாசியோட நிறுத்தணும்லா? அதுக்கு மேல வாரதெல்லாம் மொட்டுல்லா. வக்கீல் வாய்தா வாங்குத மாதிரி பூவுக்கும் வாய்தா வாங்கிட்டியேலே."

"அவ நிறுத்தச் சொல்லலியே அக்கா. சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான கெடந்தா."

உலகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நான் சொல்ல வந்தேன். அவதான் விடல. 'சொல்லாதீய மதினி, நான் சொல்லி அவுக ஒரு வேலை செய்யுதது இப்பத்தான். கிள்ளட்டும்'னா."

தம்பி குற்றாலலிங்கம் கடைத்தெருவிலிருந்து பூச்சரத்தோடு வந்துவிட்டான். சிவசண்முகம் வாங்கிக்கொண்டார். தொட்டியிலிருந்து ஒரு கொத்து இலையை ஒடித்து, உள்ளே போய், கோமுவின் கொண்டையில் சரத்துக்கு அடியில் செருகினார். இலையை யாராவது வைப்பார்களா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். உலகம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள்.

தாமிரபரணிக் கரையில் எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஈர வேட்டியோடு தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தாழ்வாரத்தில் ஏற்றினார். கைகொடுக்க வந்த தம்பியை வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசித் தொட்டியில், கிளை நுனியில், இன்று கிள்ளாமல் விட்ட கொழுந்து ஒன்று பச்சையாகத் தலைகாட்டியிருந்தது. விரல்கள் பழக்கத்தில் அங்கே போயின.

கிள்ளாமல் எடுத்த வெறுங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பனி எட்டாதபடி தொட்டியைச் சுவர்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.