குடத்தோடு நின்றவள்

ஆனைமலைத் தொடருக்கு அப்பால் கதிரவன் சாய, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்த காற்று தென்னந்தோப்புகளைக் கடலென இரையச் செய்து, கொப்பரை உலரும் களங்களின் எண்ணெய் மணத்தை ஊரெங்கும் சுமந்து திரிந்த ஒரு மாலைப்பொழுதில், பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தோப்பு வீட்டின் முற்றத்தில் மூவர் அமர்ந்திருந்தனர்.

கற்றறிந்தீர்! அம்மூவரையும் கூட்டுவித்தது ஒரு புதினம். அதை எழுதியவள் ஜெபராணி. கோவைக் கல்லூரியொன்றில் மெய்யியல் பயிற்றுபவள். இத்தகைய தோப்புகளிலே தலைமுறைதோறும் கூலிக்கு உழைத்துப் பின்னர்த் திருச்சபை சேர்ந்த குடியிற் பிறந்தவள். அதை அச்சிட முன்வந்தவர் அத்தோப்பின் உரிமையாளர் வெங்கடபதி. ‘யாவும் ஒன்றே’ எனும் நெறியில் திளைத்து, அந்நெறி பரப்பும் நூல்களைப் பதிப்பிப்பவர். முன்னுரை வரைய இசைந்தவர் சைமன். மேலைநாட்டு மெய்யியலை ஆழக் கற்ற திருச்சபை மேய்ப்பர். நிலம் ஆண்ட குடியினின்று திருச்சபைக்கு வந்த முன்னோரின் வழித்தோன்றல்.

புதினத்தின் நடுப்பகுதியில், ஒரு கிணற்றங்கரையில் ஐரோப்பிய அருட்பணியாளர் ஒருவரும் பண்ணையார் ஒருவரும் காங்கேயம் காளைகள் கொம்பு கோத்தாற்போல் சொற்போர் புரிவர். “ஒவ்வோர் உயிரும் தனியுயிர், ஆதலின் எவரும் எவர்க்கும் தாழ்ந்தாரல்லர்” என்பார் முன்னவர். “உயிர்கள் யாவும் ஒன்றே, ஆதலின் தாழ்வென்பதே இல்லை” என்பார் பின்னவர். அக்கிணற்றுக் கயிற்றைத் தொடும் உரிமையற்ற பெண்ணொருத்தி, யாரேனும் இறைத்து ஊற்றுவாரென வெறுங்குடத்தோடு ஒதுங்கி நிற்பாள். அவளைக் காணாமலே இருவரும் பேசிக்கொண்டிருக்க, இருள் சூழும். அவள் வெறுங்குடத்தோடே திரும்புவாள்.

“அருமையா எழுதியிருக்கீங்க அம்மணி” என்றார் வெங்கடபதி. “ரெண்டு பேரு பேச்சும் தராசுல வெச்சாப்பல இருக்குதுங்க. ஆனா அந்தக் குடத்துக்காரி எதுக்குங்க? பண்ணையார் ஞானியாட்ட வாராரு. அவரு கண்ணுக்கு அவ தெரியலைன்னா ஊரு சிரிக்காதுங்களா?”

“எனக்கும் அதேதானுங்க தோணுச்சு” என்றார் சைமன். “வாதம்னா வாதமா இருக்கோணும். அவளை எடுத்துட்டா அந்த அத்தியாயம் சுத்தமா நிக்கும்.”

ஜெபராணி நகைத்தாள். “இத்தனை நாளும் ஒரு சொல்லுலகூட ஒத்துப்போகாதவங்க, இன்னைக்கு ஒத்துப்போயிட்டீங்களே!”

“பாஸ்டரும் நானும் ஒத்துப்போனா மழை வருமுங்க!” என்று உரக்கச் சிரித்தார் வெங்கடபதி.

“அவளை எடுக்கலைன்னா என்னங்க பண்ணுவீங்க?” என்றாள் ஜெபராணி.

“நான் அச்சுப் போடறதுக்கில்லீங்க அம்மணி. தப்பா நெனைக்காதீங்க.”

அவ்வேளை வெங்கடபதியின் மனைவி வரலட்சுமி தேநீர்த் தட்டோடு வந்தாள். வெங்கடபதிக்கு எஃகுக் குவளை. சைமனுக்கும் எஃகுக் குவளை. ஜெபராணிக்குத் தாள் குவளை. அதை நீட்டிய முகத்தில் வன்மம் இல்லை. மூச்சு விடுதல்போல் பழகிப்போன கை அது. சைமனின் பார்வை தாள் குவளையில் விழுந்து, ஜெபராணியின் கண்களைத் தொட்டு, அங்கு நிற்கமாட்டாமல் தென்னை உச்சிக்குத் தாவியது. அவர் தம் குவளையை உதட்டுக்கு உயர்த்தினார்.

“ஏனுங்க அக்கா, எனக்கு மட்டும் பேப்பர் கப்புங்களா?”

வரலட்சுமி திகைத்தாள். “அது... கழுவற சோலி மிச்சமுன்னு கண்ணு...”

“அப்ப இவங்க ரெண்டு பேருதையும் ஆருங்க கழுவறது?”

“அம்மணி, இது சும்மா ஒரு வழக்கமுங்க” என்று இடைமறித்தார் வெங்கடபதி. “கப்புத்தானுங்க வேற. உள்ள இருக்கற டீ ஒண்ணுதானுங்களே!”

“மனசுல வெச்சுக்காதீங்கம்மா” என்றார் சைமன். “ஆண்டவர் முன்னால எல்லாரும் சமமுங்க.” சொல்லிவிட்டு இன்னொரு மிடறு பருகினார்.

பன்னூறாண்டு விளைந்த மெய்யறிவு எதுவாயினும், கீழ்த்திசையில் முளைத்ததாயினும் மேற்றிசையில் காய்த்ததாயினும், ஒரு குவளையை மாற்றி வைக்கும் வலிமை அற்றதெனில், அது அறிவன்று. இழிவுக்குப் போர்த்திய பட்டு. சொல்லில் பகைத்து நின்ற இரு நெறிகளும் குவளையில் உறவு கொண்டாடிய காட்சியைக் கண்டு, ஜெபராணியின் உள்ளம் சூளைச் செங்கல்லாய்க் கனன்றது; குரல் மட்டும் உயரவில்லை. தேநீரைத் தொடாமல் எழுந்து, மேசைமேல் கிடந்த தன் கையெழுத்துப்படியை எடுத்துக்கொண்டாள்.

“நான் எழுதுனதுல ஒரு தப்பு இருக்குதுங்க” என்றாள்.

வெங்கடபதியின் முகம் மலர்ந்தது. “அதைத்தானுங்க நாங்களும் சொன்னோம்.”

“அந்த ரெண்டு பேரும் அவளைப் பார்க்கலைன்னு எழுதிப்போட்டேன். பார்த்தாங்க. பார்த்துட்டேதான் பேசுனாங்க. அதைத் திருத்தோணுமுங்க.”

ஜெபராணி தோப்பைக் கடந்து, பொள்ளாச்சிப் பேருந்து நிற்கும் சாலையை நோக்கி நடந்தாள். தீண்டப்படாத தேநீரில் ஆடை படர்ந்தது. எஃகுக் குவளைகள் இரண்டும் காலியாயின. உலகை ஒன்றெனக் காண்பாரும் உயிரைத் தனியெனக் காண்பாரும் தத்தம் வழியே வானளாவப் பேசலாம், பேசுக. கயிற்றைத் தொட்டு ஒரு குடம் நீர் இறைத்து ஊற்றாத வரையில், கிணற்றங்கரையில் அவள் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.