நனையாத உடுப்பு

மண்டூர் அழகரத்தினத்தின் மனைவி புஸ்பம் வாவிக்கு அடியில் குடிபோய் இந்தச் சித்திரையோடு ஆறு வருடமாகிவிட்டது. காரணம் சின்னது. வருசப் பிறப்புக்கென்று புஸ்பம் மூன்று நாள் முழங்காலில் நின்று சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையில், வலை இழுத்துவிட்டு வந்த அழகரத்தினம் சொட்டச் சொட்ட நடந்துபோய்த் தண்ணீர் குடித்தார். இருபத்திரண்டு வருடமாக "ஈரத்தோட உள்ளுக்கு வராதீங்க" என்று வாசலில் நின்று சொல்லிவந்த புஸ்பம் அன்று விளக்குமாற்றையும் தேத்தண்ணிக் கேத்திலையும் எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று வாவி வழிவிட்டது. கொண்டை மறைவதற்கு முன் ஒருதரம் திரும்பி, "இஞ்சாருங்க, காய்ஞ்சு வாற நாளில வாங்க" என்றார்.

அக்கரைக் குருமண்வெளிக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் மிதவைப் பாதையில் காலையில் ஏறுகிறவர்களுக்கு அடியில் புஸ்பம் முற்றம் கூட்டும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுப் பள்ளிக்கூட ரீச்சர்மார் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள். பதிவெடுக்க வந்த கிராம சேவகர், வாவியின் அடி எந்தப் பிரிவில் வரும் என்று யோசித்து, 'தற்காலிகமாக வெளியே' என்று எழுதிக்கொண்டு போனார். அழகரத்தினம் அந்தத் தரையை மறுபடி மிதிக்கவில்லை. வலை வைக்கும் கொட்டிலில் சமைத்து, அங்கேயே படுத்தார். கை பழகிய அளவில் இரண்டு பேருக்குச் சோறு வடித்து, மற்றப் பங்கை மறுநாள் தானே தின்றார். இரண்டு தரம் மூச்சடக்கிக் குதித்துப் புஸ்பத்தின் கதவைத் தட்டியும் பார்த்தார். கதவு திறந்தது. புஸ்பம் அவரை மேலிருந்து கீழே பார்த்தார், கதவு மூடியது. தண்ணீருக்கு அடியில் ஒரு மனிதன் சொட்டிக்கொண்டு நிற்பதைப் பிழையாக எடுக்க அவரால்தான் முடியும்.

காத்தான்குடியில் பழைய சாமான் விற்கும் கச்சி முகம்மது காக்காவின் கடைக் கூரையில், ஆழத்துக்கு இறங்கும் சுழியோடிகள் போடுகிற, தண்ணீர் உள்ளே போகாத கறுப்பு உடுப்பு ஒன்று தொங்கியது. சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர் யாரோ, பெட்டி பிரிக்காமலே விட்டுப்போனது.

"இருபது வருசமா ஒரு பொட்டுத் தண்ணி படல்ல தம்பி. ஒட்டகமும் இவ்வளவு காலம் தாங்காது," என்றார் கச்சி முகம்மது.

"அப்ப ஓட்டை இருக்கா எண்டு எப்பிடித் தெரியும், காக்கா?"

"நனைஞ்சாத்தான் தெரியும். அதால நனையாமப் பாத்துக்கங்க."

பாவிக்காமலே பழசாகிப்போன அந்த உடுப்பை அழகரத்தினம் வாங்கி வந்தார். கழுத்திலும் மணிக்கட்டிலும் இருந்த ரப்பர், தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. சந்தியில் சைக்கிள் திருத்தும் தனுஷா, உழவு மெசின் டியூபை வெட்டிப் புதுக் கழுத்து ஒட்டினாள். இழுத்து மூட முடியாமல் இறுகிக் கிடந்த சிப்புக்கு, கரண்ட் போகும் நாளுக்கென்று வைத்திருந்த மெழுகுதிரியைத் தேய்த்தாள். பிறகு உடுப்பின் கைகளில் இரண்டு சோடாப் போத்தலும் கழுத்தில் ஒரு தேங்காயும் செருகிக் கட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சவர்க்காரத் தண்ணீர் பூசினாள். பதினொரு இடத்தில் குமிழி வந்தது. பதினொன்றையும் ஒட்டினாள். உடுப்பு எழுந்து கடை வாசலில் நின்றது. சந்தியால் போனவர்கள் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கொட்டிலுக்கு வந்த பிறகும் அது நின்றுகொண்டே இருந்ததால், சாப்பிடும்போது அழகரத்தினம் மற்றச் சோற்றுக் கோப்பையை அதற்கு முன்னால் வைத்தார்.

"அண்ணன், இனி ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகாது," என்றாள் தனுஷா.

"சத்தியமா?"

"சத்தியமா. மாட்டுத் தோல்ல ஓட்டையெண்டாலும் ஒட்டிக் குடுப்பன். நீங்க போய் அக்காவக் கூட்டிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டைக்கு மேல் உடுப்பை மாட்டி, தலைக்குப் பொலித்தீன் உறை போட்டு, இடுப்பில் நெல் நிறுக்கும் படிக்கற்களைக் கட்டி, டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அழகரத்தினம் இறங்கினார். பாதைக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அடியில் புஸ்பத்தின் முற்றம் காய்ந்து, விளக்குமாற்றுக் கோடுகளோடு கிடந்தது. படியில் நின்று உடுப்பைக் கழற்றினார். தலைமயிர் காய்ந்திருந்தது, கால் காய்ந்திருந்தது. புஸ்பம் கதவை முழுதாகத் திறந்தார். அப்புறம்தான் சட்டையைத் தொட்டார். முதுகும் நெஞ்சும் இரண்டு கையும் பிழியப் பிழிய நனைந்திருந்தன.

"தனுஷா பதினொரு ஓட்டையும் அடைச்சவள்," என்றார் அழகரத்தினம்.

புஸ்பம் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது வாவித் தண்ணி இல்ல. வாவி இவ்வளவு கரிக்காது." சட்டைக் கையை இன்னொருதரம் பிழிந்தார். "எவ்வளவு காலமாக் கிடக்கு இது?"

"நீ வந்த நாளில இருந்து."

"ஈரம் ஈரம்தானே," என்று புஸ்பம் உள்ளே போனார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து படியில் வைத்து, தான் வாசல் நிலைக்கு உள்ளே இருந்துகொண்டார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பத்து மணிக்குப் பாதை நடுவாவியில் அரை மணித்தியாலம் நிற்கும். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் அதற்குத் தக்கபடி வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறார்கள். அழகரத்தினம் திரும்பி வந்து சட்டையைக் கொடியில் போடுவார். ஆவணி வெயிலுக்கும் அது காயாது. போன கிழமைதான் தனுஷா அதைப் பிடித்துப் பார்த்து, இடது கை காய்ந்துவிட்டதைச் சொன்னாள்.

"வலது கையும் நெஞ்சும் முதுகும் இன்னும் கிடக்கு, அண்ணன்."

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அழகரத்தினம் சிப்புக்குத் தேய்க்க மெழுகுதிரி வாங்கக் கடைக்குப் போனார்.