மழைப்பாலத்து ஆட்கள்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை காலை, கப்பலூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கும் ஒரு தகரக் கூரைப் பட்டறையில் காற்றாடிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன.

சீனியம்மாள் வானம் போடுகிற நேரம் அது. காற்றுப் பட்டால் நீலம் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். கதவகலக் கேன்வாஸை ஈரத்துணியால் ஒற்றி, மேல் ஓரத்தில் அடர்நீலத்தை வைத்து, அகலப் பிரஷால் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இழுத்துவருவாள். பாதியில் நீலம் வெளுத்து, மலையுச்சி வரப்போகிற இடத்தைத் தொடும்போது வெறும் ஈரமாகியிருக்கும்.

"அக்கா வானத்த முடிக்கிறதுக்குள்ள நாங்க அவிஞ்சு இட்லியாயிருவோம்" என்றாள் எதிர் மேசை பவதாரிணி.

"ஆயிட்டுப் போ. மாவாவே எம்புட்டு நாளைக்குடி இருப்ப?"

ஜப்பான்காரர்கள் அந்தக் காலத்தில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட இயற்கைக் காட்சிகளைக் கையால் பெரிதாக வரைந்து ஓட்டல்களுக்கு அனுப்புவதுதான் பட்டறையின் தொழில். ஒவ்வொரு கேன்வாஸும் மேசை மேசையாக நகரும். சீனியம்மாளிடம் வானம், பவதாரிணியிடம் மலையும் மரமும். கடைசி மேசை சீனியம்மாளின் கணவன் பேயாண்டியுடையது. அவன் ஆட்களை வரைவான். படங்களின் ஜப்பானியப் பெயர்கள் ஒருவர் வாயிலும் நுழையாததால் பெரியமலை, பனியூர், மழைப்பாலம் என்று இவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள்.

பேயாண்டி எழுமலைப் பக்கத்துக் கோயில்களில் சாமி சிலைகளுக்கு வர்ணம் அடித்தவன். கோயில் திருவிழாக் காலம் போனால் அதில் வேலை இருக்காது. இருவரும் திருமங்கலத்தில் வாடகைக்கு வீடு பிடித்து இங்கே சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. கோவா ஓட்டலுக்கான இந்த ஆர்டர் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தால் இருவரையும் பெர்மனென்ட் ஆக்குவதாக மேற்பார்வையாளர் இம்மானுவேல் சொல்லியிருந்தார்.

மதியம் கை கழுவப் போன சீனியம்மாள், காயப்போட்டிருந்த மழைப்பாலங்களின் முன்னால் நின்றுவிட்டாள். குடைக்குள் குனிந்து ஓடுகிற கிழவன் அவளைப் பார்த்தான்.

"மாமா, இங்க வா. மாதிரிப் படத்துல இவனுக்கு மூஞ்சியே தெளிவா இல்ல. நீ கண்ணு வச்சிருக்க."

"ஆமா."

"எதெதுக்கு?"

"அம்புட்டுக்கும்தான். கண்ணு தொறக்காம எப்படி அனுப்புறது? பொணத்தையா லாரி ஏத்துறது?"

சிலைக்குக் கண் கடைசியில்தான் திறப்பார்கள். திறக்காத சிலையைக் கும்பிட மாட்டார்கள். ஊசி பிரஷில் கறுப்பைத் தொட்டு, பாலத்தில் போகிற ஒருவர் விடாமல் பேயாண்டி கண் திறந்துவைத்திருந்தான்.

"இது என்ன சாமியா மாமா? மழையில ஓடுறவன்."

"சாமிக்கு மட்டும் கண்ணு, மனுசன் குருடாப் போகணுமா? பாலத்துல வழுக்கி விழுந்தா நீயா தூக்குவ?"

அதற்குள் இம்மானுவேல் வந்துவிட்டார். படங்களை நெருங்கிப் பார்த்தவர் செல்போனை எடுத்து இரண்டு மூன்று படம் பிடித்தார்.

"பேயாண்டிண்ணே, ஒரிஜினல்ல உள்ளத மட்டும் போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல? முதலாளிக்கு என்ன பதில் சொல்ல? சாயங்காலத்துக்குள்ள அம்புட்டையும் அழிக்கணும். இல்லாட்டி நாளைக்கு ரெண்டு பேரும் கேட்டுக்குள்ள வர வேணாம்."

"தொறந்த கண்ண மூட மாட்டேன் சார்" என்றான் பேயாண்டி. குரலை உயர்த்தவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றான்.

சீனியம்மாள் தோல்நிறத்தைக் குழைத்தாள். குடைக்காரக் கிழவனின் கண்ணை முதலில் மூடினாள். அடுத்து ஒரு சுமைகூலி. அவனையும் மூடினாள். மூன்றாவதாக, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிற பெண். அந்தப் பெண்ணின் இடது கண்மணி மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தது. பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். அதிலும் அப்படியே. வரிசை முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏய்யா, எந்திரம் மாதிரி எல்லாத்துலயும் என் ஒண்ணரக் கண்ண வச்சிருக்கியே? எழுமலையில சிரிச்சது பத்தாதுன்னு கோவாவுக்கு வேற அனுப்புறியா?"

"நான் என்ன செய்ய? பக்கத்துல வச்சுப் பாத்த பொம்பளக் கண்ணு எனக்கு அது ஒண்ணுதான்."

பவதாரிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீனியம்மாள் அவளை முறைத்துவிட்டுத் திரும்பி வந்து, பிரஷைத் தண்ணீரில் போட்டாள். அதன்பிறகு அதை எடுக்கவில்லை. சாயங்காலம் இருவரும் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு, இனிமேல் வருவதில்லை என்ற நினைப்போடு பஸ் ஏறினார்கள். திருமங்கலம் வரும்வரை அவள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னலோர இடத்தை மட்டும் அவனுக்கு விட்டிருந்தாள்.

மறுநாள் காலை இம்மானுவேலே போன் செய்தார். முதலாளி மன்னிப்புக் கேட்டு ஓட்டலுக்கு அனுப்பிய செல்போன் படங்கள் அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டன. இதுபோல வேறெங்கும் பார்த்ததில்லை, எல்லாப் படத்திலும் கண் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"வாங்கண்ணே. பனியூருக்கும் சேத்துத் தொறந்துவிடுங்க."

அன்று பட்டறையில் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வந்தன. மூடிய இரண்டு ஜோடிக் கண்களை முதலில் திறந்துவிட்டுத்தான் பேயாண்டி போண்டாவைத் தொட்டான். மாதக் கடைசியில் லாரி கோவாவுக்குப் புறப்பட்டது. பெர்மனென்ட் பேச்சை இம்மானுவேல் எடுக்கவில்லை. சுத்தமாக வந்த படத்தில் வகைக்கு ஒன்றை முதலாளி நிறுத்திவைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் பட்டறைக்கு அகலமான ஓர் அச்சு இயந்திரம் வந்தது. நிறுத்திவைத்த படங்களை அது கேன்வாஸில் வானத்தோடும் மழையோடும் கண்களோடும் அப்படியே இறக்கித் தருகிறது. அச்சின்மேல் பிரஷ் தடம் தெரிவதற்காக நிறமில்லாத பசையைப் பூசும் வேலை சீனியம்மாளுக்கும் பவதாரிணிக்கும் கொடுக்கப்பட்டது. பேயாண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பசை காய்ந்ததும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் 'கையால் வரையப்பட்டது' என்ற சீட்டைச் சீனியம்மாள் ஒட்டுகிறாள்.